ஆர்மீனிய ரொட்டி அடுப்படிக்குப் போகிறவர்களுக்கு: களியக்காவிளை போர்மாவிலிருந்து சில குறிப்புகள்

எங்கள் பேக்கரி களியக்காவிளையில் இருக்கிறது. கடையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கேரளம். அப்பா கட்டிய போர்மா, அதாவது ரொட்டி சுடும் செங்கல் அடுப்பு, இன்றும் ரப்பர் விறகில்தான் எரிகிறது. விறகு எரிந்து முடிந்ததும் கனலை வாரி வெளியே தள்ளிவிட்டு, செங்கல் பிடித்து வைத்திருக்கும் சூட்டிலேயே சுடுவோம். முதலில் பன், பிறகு ரொட்டி, வெட்டு கேக், கடைசியில் ரஸ்க் என்று சூடு இறங்க இறங்க ஒவ்வொன்றாக உள்ளே போகும். கல்யாணமான நாளிலிருந்து கணக்கும் நான்தான், மாவும் நான்தான்.

மகள் ஆர்மீனியாவின் தலைநகரான எரெவானில் மருத்துவம் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போன ஓர் அக்டோபரில், கார்னி என்ற ஊரில், லவாஷ் என்னும் மெல்லிய ரொட்டியைச் சுட ஒரு குடும்பம் நடத்தும் அடுப்படியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்ததிலிருந்து, பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் பெற்றோர்கள் பாறசாலை, நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம் என்று பல இடங்களிலிருந்தும் கூப்பிட்டு விவரம் கேட்கிறார்கள். அப்படி ஓர் இடத்துக்குப் போனால் எப்படி நடந்துகொள்வது, என்ன சாப்பிடுவது, வீட்டில் அதைச் செய்ய முடியுமா என்றெல்லாம். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

கிளம்பும் முன்

திருவனந்தபுரத்தில் ஏறி ஷார்ஜாவில் விமானம் மாறினால் எரெவான். விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அதனால் கிளம்பும் மாதத்தில் ஆர்மீனிய அரசின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எரெவானிலிருந்து கார்னி சுமார் 28 கிலோமீட்டர். முதலாம் நூற்றாண்டில் கட்டிய தூண் கோயில் ஒன்று அங்கே பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கிறது. இன்னும் மேலே போனால் பாறையைக் குடைந்து கட்டிய கெகார்ட் மடாலயம். சுற்றுலா வண்டிக்காரர்கள் இந்த இரண்டையும் காட்டிவிட்டு, நடுவில் ஏதோ ஒரு லவாஷ் அடுப்படியில் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் படம் எடுக்கலாம், சூடாக ஒரு ரொட்டி தின்னலாம், அவ்வளவுதான். முடிந்தால் தனியாகப் போங்கள். முதல் நாள் போய், "நாளைக்கு அடுப்பு மூட்டும்போதே வரலாமா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். எங்களுக்கு அந்தக் கேள்விதான் கதவைத் திறந்தது. அடுப்பு மூட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தி கேட்டதும், வந்திருப்பது தொழில் தெரிந்த ஆள் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

போக நல்ல காலம் இலையுதிர் காலம். குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய லவாஷை அந்தக் காலத்தில்தான் கிராமத்து வீடுகளில் சுட்டு அடுக்கி வைப்பார்கள். அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெண்களும் கூடி வருவார்கள்.

உடை விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நான் முதல் நாள் சேலையில் போனேன். அடுப்பு தரைக்குள் இருக்கிறது, தலையை உள்ளே நீட்டித்தான் ரொட்டியை ஒட்ட வேண்டும். என் முந்தானையைப் பார்த்ததும் அந்த வீட்டுப் பாட்டி எழுந்து வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், அதை என் இடுப்பில் இரண்டு சுற்று சுற்றிச் செருகிவிட்டார். ஆகவே பருத்திச் சுடிதார் போதும், துப்பட்டா வேண்டாம், கை இறுக்கமாக இருக்கட்டும், தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். நைலான், பாலியஸ்டர் எதுவும் கூடாது.

வெறுங்கையோடு போகாதீர்கள். பூ வாங்கினால் ஒற்றைப்படையில் வாங்குங்கள், ஐந்தோ ஏழோ. இரட்டைப்படையில் பூ கொடுப்பது அங்கே சாவுக்கு மட்டும்தான். நான் முந்திரிக்கொத்து கொண்டு போயிருந்தேன். பச்சைப்பயறும் கருப்பட்டியும்தான் என்று மகள் எடுத்துச் சொன்னதும், "அப்படியென்றால் நோன்பு நாளிலும் தின்னலாமே" என்று சந்தோஷப்பட்டார்கள். அவர்களுடைய சபையில் நோன்பு என்றால் இறைச்சி மட்டுமல்ல, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கிடையாது.

சென்னை வழியாகப் போகிறவர்கள் பாரிமுனையில் ஆர்மீனியன் தெருவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கே உள்ள மரியன்னை ஆலயம் 1772இல் கட்டியது. உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் அச்சானது அதே சென்னையில்தான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் மர்மலாங் பாலத்தைக் கட்டிக் கொடுத்தவரும் பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். இதை மகள் சொன்னதும் அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை.

அடுப்படியில்

உள்ளே போனதும் "பாரெவ் ட்செஸ்" என்று சொல்லுங்கள், வணக்கம் என்று பொருள். நன்றிக்கு அவர்கள் மொழியில் நீளமான சொல் ஒன்று இருக்கிறது, ஆனால் தெருவில் எல்லாரும் 'மெர்சி' என்றுதான் சொல்கிறார்கள், நீங்களும் அதையே சொல்லலாம். பாட்டியை 'தாத்திக்' என்று கூப்பிடலாம். நான் கூப்பிட்டேன், அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஆர்மீனிய மொழியிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பாதி புரிந்தது, மாவு விஷயம் முழுக்கப் புரிந்தது.

அந்த அடுப்புக்குத் தோனிர் என்று பெயர். தரையில் புதைத்த பெரிய மண் தாழி என்று வைத்துக்கொள்ளுங்கள், வாய் குறுகி, வயிறு அகன்று. அடியில் விறகு எரியும். நான் பார்த்த நாளில் திராட்சைக் கொடியின் காய்ந்த குச்சிகளை அதிகம் போட்டார்கள். நம் போர்மாவில் சூடு தரையிலும் கூரையிலும் இருக்கும், தோனிரில் பக்கச் சுவர்தான் அடுப்பு. சுவர் முதலில் கரி பிடித்துக் கறுக்கிறது. பிறகு சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்துபோய்ச் சுவர் வெளுக்கிறது. தாத்திக் விரலால் காட்டிய இடத்தைப் பார்த்தேன், வெளுப்பு கழுத்து வரை ஏறியிருந்தது. அதுதான் பதம். எங்கள் போர்மாவிலும் உள் செங்கல் வெளுக்கும் வரை அப்பா காத்திருப்பார். ஆறாயிரம் அடிக்கும் குறைவான ஒரு மலை ஊரில், வேறு மண்ணில், வேறு விறகில், அதே அடையாளத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

மாவு கோதுமை மாவும் தண்ணீரும் உப்பும்தான். முந்தின நாள் மாவில் ஒரு பிடி எடுத்து வைத்து, அதைப் புது மாவில் கரைத்துச் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் பாக்கெட் வருவதற்கு முன் எங்கள் கடையிலும் பழைய மாவுதான், அதற்கும் முன்னால் கள் ஊற்றிப் புளிக்க வைத்தார்கள் என்று அப்பா சொல்வார்.

வேலை நான்கு பெண்களுக்குள் பிரிந்திருந்தது. ஒருத்தி உருண்டை பிடிக்கிறாள். ஒருத்தி நீளமான மெல்லிய கட்டையால் தேய்க்கிறாள். மூன்றாவது ஆள்தான் கைகாரி. தேய்த்த மாவை இரண்டு புறங்கைக்கும் மாற்றி மாற்றி வீசுகிறாள், அது காற்றிலேயே விரிந்துகொண்டு போகிறது, கிழிவதில்லை. பிறகு அதை ஒரு நீளத் திண்டின் மேல் விரிக்கிறாள். வைக்கோலோ கம்பளி மயிரோ திணித்து, மேலே துணி இறுக்கித் தைத்த திண்டு அது, 'பத்தாத்' என்கிறார்கள். பின்பக்கம் கை நுழைக்க இடம் இருக்கிறது. மாவின் ஓரங்களைத் திண்டின் விளிம்போடு இழுத்துச் செருகிக்கொண்டு, உடம்பை மடக்கி, தோனிருக்குள் தோள் வரை இறங்கி, சுவரில் ஒரே அறை. திண்டு மேலே வருகிறது, மாவு சுவரிலேயே நிற்கிறது. அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். கொப்புளங்கள் எழுந்து, அவற்றின் நுனி மட்டும் கருகத் தொடங்கும்போது நான்காவது ஆள் வளைந்த கம்பியால் கொக்கி போட்டு எடுத்துவிடுவாள். இந்த நான்காவது இடத்தில்தான் தாத்திக் உட்கார்ந்திருந்தார். தோனிர் ஓரத்தில் கால் தொங்கவிட ஒரு குழி இருக்கிறது. காலையிலிருந்து மத்தியானம் வரை அவர் அந்த இடத்தைவிட்டு எழவில்லை.

தோனிர் முன் குனிவது சூரியனைக் கும்பிடுவது போல என்று பழைய ஆட்கள் சொல்வார்களாம். கோயிலோ பாதிரியாரோ இல்லாத ஊரில் தோனிரைச் சுற்றி வந்து கல்யாணம் செய்துகொள்வதும் உண்டு என்றார்கள். அடுப்பை அப்படி வைத்திருக்கிற வீட்டில் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது தானே விளங்கும். அதன் வாயை யாரும் தாண்டிப் போக மாட்டார்கள், நீங்களும் சுற்றிப் போங்கள். குப்பை எதையும் அதில் போடாதீர்கள்.

ஆண்கள் எங்கே என்று கேட்பீர்கள். தோனிரைக் கட்டுவதும் திண்டு செய்வதும் அவர்கள் பங்கு. சுடுவது பெண்கள் கூட்டாகச் செய்கிற வேலை. இந்தத் தொழிலைத்தான் யுனெஸ்கோ 2014இல் ஆர்மீனியாவின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது.

இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். 2016இல் அஜர்பைஜான், ஈரான், கஜகஸ்தான், கிர்கிஸ்தான், துருக்கி ஆகிய ஐந்து நாடுகளின் பெயரிலும் லவாஷ் உள்ளிட்ட மெல்லிய ரொட்டிகள் சேர்க்கப்பட்டன. "லவாஷ் யாருடையது" என்று அடுப்படியில் உட்கார்ந்து கேட்காதீர்கள். எல்லையில் பிறந்த நமக்கு இது புரியும். 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, புட்டு யாருடையது, அவியல் யாருடையது என்று இன்றும் வாக்குவாதம் நடக்கும். ஆனாலும் எங்கள் எல்லையைத் தாண்டிப் பாறசாலையில் ஒரு சாயா குடித்துவிட்டு வரலாம். அவர்களுக்கும் துருக்கிக்கும் நடுவே உள்ள எல்லை 1993இலிருந்து மூடிக் கிடக்கிறது. அவர்கள் நாட்டுச் சின்னத்திலேயே இருக்கும் அராரத் மலை, எரெவானில் மொட்டைமாடியில் நின்றால் கண்ணுக்கு நேரே தெரிகிறது. அது அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

உதவி செய்யலாமா என்றால், செய்யலாம், ஆனால் வரிசையில் முதல் படியிலிருந்து. உருண்டை பிடிக்க உட்காருங்கள். வீசுவதை முதல் நாளே கேட்காதீர்கள். நான் பிடித்த முதல் உருண்டையைத் தாத்திக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார், அடியில் மடிப்பு தெரியாமல் இருக்கிறதா என்று. மாஸ்டர்கள் பன் உருண்டையைப் பார்ப்பது அப்படித்தான். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டார். இரண்டாம் நாள் திண்டைக் கையில் தந்தார்கள். என்னுடைய முதல் ரொட்டி சுவரில் பாதி மடிந்து ஒட்டிக்கொண்டது. யாரும் சிரிக்கவில்லை. அதையும் கம்பியால் எடுத்துத் தனியாக வைத்து, கடைசியில் சீஸ் சுற்றி அந்த வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தார்கள்.

பந்தியில்

ஆர்மீனிய மொழியில் ரொட்டிக்கு 'ஹாட்ஸ்' என்று பெயர். "ஹாட்ஸ் சாப்பிட வாருங்கள்" என்றால் சாப்பாட்டுக்கு வாருங்கள் என்று பொருள். நாம் சோறு தின்ன வா என்பது போலத்தான். ஆகவே ரொட்டிக்குக் கூப்பிட்டால் ரொட்டி மட்டும் இருக்கும் என்று நினைத்து வயிறு நிறைய எதையாவது தின்றுவிட்டுப் போகாதீர்கள்.

லவாஷைக் கத்தியால் வெட்டுவதில்லை, கையால் கிழிக்க வேண்டும். எந்த ரொட்டியையும் தலைகீழாக வைக்கக் கூடாது. துண்டு கீழே விழுந்தால் எடுத்து முத்தமிட்டு, கால் படாத இடத்தில் வைக்கிறார்கள். இதை நான் யாரும் சொல்லாமலே செய்தேன். எங்கள் கடையில் ஒரு பன் தவறி விழுந்தாலும் அப்பா எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், எனக்கும் அந்தப் பழக்கம். கண்ணில் ஒற்றியதைப் பார்த்து அங்கிருந்த ஒரு பெண் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள், இங்கே இப்படி என்று. நான் அவளைப் போலவும் ஒரு தடவை செய்தேன்.

சாப்பிடும் முறை எளிது. கிழித்த துண்டில் உப்பு மிகுந்த வெள்ளை சீஸ், மேலே கைநிறையப் பச்சை இலைகள்: கொத்தமல்லி, ஊதா நிறத் துளசி வகை, சோம்பு வாசம் அடிக்கும் தாரகோன் இலை. சுருட்டிக் கடியுங்கள். சைவக்காரர்களுக்கு இதுவே விருந்து. இறைச்சி சுடும் வீட்டில் அது பெரும்பாலும் பன்றியாக இருக்கும், வேண்டாம் என்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நோன்புக் காலத்தில் முட்டைக்கோஸ் இலையில் பயறுகளும் தானியமும் வைத்துச் சுற்றிய 'பாசுட்ஸ் தோல்மா' கிடைக்கும், அதைத் தவறவிடாதீர்கள்.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்குக் 'காஷ்' இருக்கிறது. மாட்டுக்காலை இரவெல்லாம் வேகவைத்து விடிகாலையில் குடிக்கும் சூப். பூண்டு நசுக்கிப் போட்டு, முறுமுறுவென்று காய்ந்த லவாஷைக் கையால் நொறுக்கிக் கிண்ணம் நிறையக் கொட்டுவார்கள். நம் ஆட்டுக்கால் சூப்பில் ரஸ்கை உடைத்துப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி.

சாப்பிட்டு முடிந்ததும் சின்னக் கோப்பையில் காப்பி வரும். நீளக் கைப்பிடி வைத்த சின்னப் பாத்திரத்தில் பொங்கவிட்டு, வடிகட்டாமல் ஊற்றுவார்கள். அடியில் வண்டல் நிற்கும், அதைக் குடிக்காதீர்கள். கோப்பையைத் தட்டில் கவிழ்த்தால் யாராவது ஒருவர் வண்டலின் கோலத்தைப் பார்த்துக் குறி சொல்லுவார். எனக்கு ஒரு நீண்ட சாலை தெரிகிறது என்றார்கள்.

கெகார்ட் போகும் வழியில் பெண்கள் காத்தா விற்பார்கள். வட்டமாக, முள்கரண்டியால் மேலே கோடு கீறிய இனிப்பு ரொட்டி. எங்கள் தில்பசந்தில் தேங்காய் வைப்போமே, அந்த இடத்தில் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் பிசைந்த பூரணம் இருக்கும். ஒன்றை முழுதாக வாங்குங்கள், மூன்று நாள் கெடாது.

நாள்கிழமைகள்

அடுப்படியில் கேட்டால் அவர்கள் நிறுத்தாமல் சொல்வது திருநாள் சாப்பாட்டைப் பற்றித்தான். கல்யாணத்தில் மணமக்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் மாமியார் இருவர் தோளிலும் லவாஷைப் போடுவார், வளமும் பிள்ளைச் செல்வமும் வேண்டி. பிறகு ஒரு கரண்டி தேன். நம் பக்கத்தில் நிறைநாழி வைப்பதை நான் சொன்னபோது, நெல்லை எந்தப் பாத்திரத்தில் நிறைப்பீர்கள், எத்தனை மணி கீழே விழலாம் என்று அவ்வளவு நுணுக்கமாகக் கேட்டார்கள்.

புத்தாண்டு ரொட்டிக்குள் ஒரு காசை மறைத்துச் சுட்டு, வீட்டில் உள்ளவர்களுக்கு வெட்டிப் பங்கு வைப்பார்கள், யார் துண்டில் காசு வருகிறதோ அவருக்கு அந்த ஆண்டு அதிர்ஷ்டம். கிறிஸ்துமஸ் அவர்களுக்கு ஜனவரி 6. அன்றைக்கு மீனும், உலர்திராட்சை போட்ட சோறும், கீரையும். திராட்சையை ஆகஸ்ட் நடுவில் மாதாவின் திருநாளன்று ஆலயத்தில் மந்திரித்த பிறகுதான் புது விளைச்சலைத் தின்னத் தொடங்குவார்கள்.

'மதாக்' என்ற வழக்கம் என் மனதில் ஆழமாக நின்றுவிட்டது. நோயிலிருந்து பிழைத்தவர், விபத்தில் தப்பியவர், நேர்ந்துகொண்டு ஆட்டையோ கோழியையோ அறுப்பார். அதற்கு முன் பாதிரியார் உப்பை மந்திரித்துக் கொடுப்பார். மசாலா எதுவும் கிடையாது, உப்பும் தண்ணீரும் மட்டும் விட்டு வேகவைத்து, லவாஷில் வைத்து, ஏழு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் திருவிழா சமபந்தியில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவதை நினைத்துக்கொண்டேன். நீங்கள் போகிற நாளில் யாராவது மதாக் பொட்டலம் நீட்டினால், விலை கேட்காமல் இரண்டு கையாலும் வாங்குங்கள்.

கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பிடித்தது புனித சர்கிஸ் நாள். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி முதல் பாதியிலோ ஒரு சனிக்கிழமை வரும். அதற்கு முந்தின இரவு கல்யாணமாகாதவர்கள் உப்புக் கரிக்கும் ஒரு ரொட்டித் துண்டைத் தின்றுவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் படுக்க வேண்டும். கனவில் யார் தண்ணீர் தருகிறார்களோ அவரைத்தான் கட்டிக்கொள்வார்கள் என்று நம்பிக்கை. மகளும் அறைத்தோழியும் போன வருடம் தின்றிருக்கிறார்கள். தண்ணீர் கொடுத்தது யார் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

கீரை ரொட்டி

எரெவானில் 'கும்' சந்தைக்குப் போனால் பெண்கள் கல்லில் ஒரு தட்டை ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பார்கள். 'ஜிங்யாலோவ் ஹாட்ஸ்'. கரபாக் மலைப்பகுதியின் ரொட்டி. 2023 செப்டம்பரில் அங்கிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் சில நாட்களுக்குள் வீடு வாசலை விட்டுவிட்டு வந்தார்கள். இந்த ரொட்டி விற்கும் பெண்ணிடம் "எந்த ஊர், எப்போது வந்தீர்கள்" என்று நாம் வழக்கமாகக் கேட்பது போலக் கேட்டுவிடாதீர்கள். இலைகளைப் பற்றிக் கேளுங்கள். ஒவ்வோர் இலையாக எடுத்து முகரக் கொடுத்தாள் நான் கேட்டவள், பதினொன்று வரை எண்ணினேன்.

இதை நம் வீட்டில் தாராளமாகச் செய்யலாம். சிறுகீரை, பாலக், கொத்தமல்லி, வெங்காயத்தாள், ஒரு பிடி புளிச்சக்கீரை. எல்லாவற்றையும் கழுவித் துணியில் பரப்பி நன்றாக ஈரம் போக விடுங்கள், பிறகு பொடியாக நறுக்குங்கள். உப்பும் எண்ணெயும் மிளகாய்த்தூளும் மாவில் வைக்கும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும், முன்னாலேயே உப்பு போட்டால் கீரை நீர் விட்டு ரொட்டி பொத்துப்போகும். சப்பாத்தியை விட மெல்லிசாகத் தேய்த்து, நடுவில் கீரையை மலைபோல் குவித்து (வெந்ததும் அத்தனையும் வற்றிவிடும்), இரு பக்க ஓரங்களையும் நடுவில் கொண்டுவந்து கிள்ளி ஒட்டி, படகு வடிவத்தில் தட்டுங்கள். எண்ணெய் தடவாத தோசைக்கல்லில், ஒட்டிய பக்கம் முதலில் கீழே.

வீட்டில் லவாஷ்

500 கிராம் மைதாவுக்கு 300 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, ஒரு பிடி பழைய மாவு. பழைய மாவு இல்லாவிட்டால் அரை டீஸ்பூன் ஈஸ்ட். கையில் ஒட்டாமல், காது மடல் போல மெத்தென்று வரும் வரை பிசைந்து, ஈரத்துணி போட்டு ஒன்றரை மணி நேரம் விடுங்கள். பத்து உருண்டை வரும். உருட்டிய பிறகும் இருபது நிமிடம் விட வேண்டும். இந்த இரண்டாவது ஓய்வைக் கொடுக்காவிட்டால் மாவு இழுத்த பக்கம் வராமல் சுருங்கும்.

தோனிருக்குப் பதில் இரும்புச் சட்டியைக் கவிழ்த்து அடுப்பில் வையுங்கள். அலுமினியம் வேண்டாம், சூடு நிற்காது. புகை வரும் அளவுக்குக் காய்ந்ததும் தீயைக் குறைக்காமல் மாவை மேலே போர்த்துங்கள். நான் வைக்கோல் திணித்து, பழைய வேட்டித் துணியைப் போர்த்தி ஒரு திண்டு தைத்து வைத்திருக்கிறேன். அதிலிருந்து சட்டிக்குக் கவிழ்த்தால் சுருக்கம் விழுவதில்லை. ஒரு பக்கம் நாற்பது விநாடி, திருப்பிப்போட்டுப் பத்து விநாடி. சிவக்க விடாதீர்கள், சிவந்தால் முறுகிவிடும், சுற்ற வராது.

இனி காய வைப்பது. இதில் நான் முப்பது ரொட்டியை இழந்தேன். அவர்கள் லவாஷை அடுக்கி வைத்தால் ஆறு மாதம் வரை இருக்கும், அங்கே காற்றில் ஈரமே இல்லை. நான் அதே மாதிரி ஆனி மாதத்தில், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, பின்னறையில் துணி போர்த்தி அடுக்கினேன். ஐந்தாம் நாள் துணியை விலக்கினால் பச்சைப் பூசணம். அத்தனையையும் தென்னைமூட்டில் புதைத்தேன். இப்போது செய்கிற முறை இது: ரஸ்க் தட்டு வெளியே வந்த பிறகு போர்மாவில் மிஞ்சியிருக்கும் இளஞ்சூட்டில் ஒவ்வொரு ரொட்டியாகக் கம்பியில் போட்டு இரவு முழுக்க விடுகிறேன். காலையில் தட்டினால் அப்பளம் போல ஓசை வரும். உடனே முறுக்கு டின்னில் அடைத்து மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுகிறேன். ஒன்றரை மாதம் வைத்துப் பார்த்துவிட்டேன், கெடவில்லை. வீட்டில் ஓவன் இருந்தால் 80 டிகிரியில் கதவைச் சற்றே திறந்துவைத்துக் காய வைக்கலாம்.

வேண்டும்போது ஒன்றை எடுத்து, கையால் தண்ணீர் தெளித்து, ஈரத் தோர்த்துத் துண்டில் சுற்றி அரை மணி நேரம் வையுங்கள். சோறு வடித்து முடிப்பதற்குள் அது மறுபடி துணி போலத் துவண்டுவிடும். பிறகு கையால் கிழித்துப் பரிமாறுங்கள்.